பாரிஸில் செருப்பு விட்ட இடம்

மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அந்த ரயிலின் கதவு மூடியது. உள்ளே என் மகள் கயல். வெளியே, நடைமேடையில், நான். தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தை அந்த நேரத்தில் ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. மணியடித்தால் வகுப்பு மாறுகிற வேலையில் பாதி ஆயுள் போனவளுக்கு, எது நடந்தாலும் முதலில் மணி பார்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது போலும்.

ஊதல் ஒலித்ததும் கயல் ஒரே தாவில் ஏறிவிட்டாள். நான் ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று யாரிடமோ தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கதவுகளும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. கண்ணாடியைத் தட்டினேன். அந்தப் பக்கமிருந்து அவளும் தட்டினாள். ரயில் நகர்ந்தபோது அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டே கத்தினேன்: "செருப்பு விட்ட எடத்துல நில்லு!"

அவள் தலையாட்டியதைப் பார்த்தேன். அதோடு ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

காரைக்காலில் இப்போதைக்கு ரயில் இல்லை, பாதை இனிமேல்தான் போடப்போகிறார்கள். ரயில் பார்க்க வேண்டுமானால் நாகூர் போக வேண்டும். அங்கே நிற்கிற வண்டி நாம் டீ குடித்து முடிக்கும்வரை நிற்கும். பஸ்ஸென்றால் கண்டக்டர் இருக்கிறார், "ஒரு அம்மா வர்றாங்க, நிறுத்துங்கண்ணே" என்று சொல்ல. யாரும் சொல்லாமலே தானாக மூடிக்கொண்டு போகிற கதவு எனக்குப் பழக்கமில்லை. ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் எங்காவது கதவு அடைக்கும் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துவிடுகிறேன். போன வாரம் அது பஸ்ஸில் குரும்பகரம் போகிற ஒரு வாழைக்காய் வியாபாரியின் கை.

நான் கத்திய வாசகத்துக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி மாதம் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. சுவாமி வீதியில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே ஜனங்கள் கையை விரித்தும் முந்தானையை ஏந்தியும் நிற்பார்கள். அந்த நெரிசலில் ஒரு தடவையாவது பிள்ளையின் கை நழுவாத வீடு கிடையாது. அதனால் எங்கள் குடும்பத்தில் ஓர் ஏற்பாடு. தெரிந்த பாத்திரக் கடை வாசலில் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போவோம். யார் தவறிப்போனாலும் தேடி அலையக் கூடாது. செருப்பு விட்ட இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். போகப் போக அதற்கும் செருப்புக்கும் இருந்த சம்பந்தம் விட்டுப்போயிற்று. பொருட்காட்சியானாலும், கும்பகோணம் பஸ் நிலையமானாலும், நாங்கள் கூடுவதற்கென்று வைத்துக்கொள்ளும் இடத்துக்கு அதுதான் பெயர். காலில் செருப்போடுதான் அங்கே நிற்போம்.

எது அந்த இடம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பாரிஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் தங்கை சித்ரா பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அவள் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா வீடு என்றால், பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்று அர்த்தம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தலத்தெருவில் வீடு. மே மாத விடுமுறைக்கு வா வா என்று பல வருடமாகக் கூப்பிட்ட சித்ரா, இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. கயலைக் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாதென்று அவளுக்குத் தெரியும்.

கயலுக்கு ஒரு விண்வெளித் தொடர் மீது பைத்தியம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை, பார்க்கிறவர்கள் நான்கு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது ஒரு தபால் கப்பலின் கதை. கிரகம் கிரகமாகக் கடிதங்களும் பொட்டலங்களும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தூரம் அதிகம். பாதிக் கடிதங்கள் போய்ச் சேரும்போது வாங்க வேண்டியவர் கிழவராகியிருப்பார், அல்லது இல்லாமலே போயிருப்பார். அப்போது யாரிடம் கொடுப்பது என்பதுதான் ஒவ்வொரு வாரமும் பிரச்சினை.

"ரேடியோன்னு ஒண்ணு இருக்குல்ல, எதுக்குக் கடுதாசி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரேடியோல கொரல மாத்திப் பேசிடலாம்மா. கையெழுத்து அப்படி இல்ல."

வெற்றிடத்தில் வெடித்தால் சத்தம் கேட்காது என்றும் சொல்லிப் பார்த்தேன். "நீ டீச்சரா பாக்காதம்மா, சும்மா மனுஷியா பாரு" என்றாள். ஆனால் அவளுக்குக் கதையைவிடப் பெரியது அதன் இசை. சமையலறையில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பாள். அந்த இசையை ஒரு பெரிய வாத்தியக் குழு மேடையில் நேரடியாக வாசிக்கப்போகிறது, பின்னால் திரையில் படம் ஓடும் என்று சித்ரா எங்கோ படித்துவிட்டு, இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். "டிவி பொட்டில வர்ற பாட்டக் கேக்க ஏழு கடல் தாண்டணுமா?" என்று கேட்ட என் கணவர்தான் சென்னை வரை வந்து வழியனுப்பினார்.

போய் இறங்கிய அன்று சித்ரா என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன் பெட்டியைத் திறந்தாள். திருக்கைக் கருவாடு கொண்டு வரச் சொல்லியிருந்தாள். துணிகளுக்கு நடுவே நாலைந்து உறை போட்டுச் சுற்றியிருந்தும், கயலின் உடுப்பெல்லாம் மண்டபத்தூர் மீன்கரையிலிருந்து நேராக வந்தது போலிருந்தது. சன்னல்களைச் சாத்தி, கதவின் அடியிடுக்கில் ஈரத்துணி திணித்து, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"நம்ம வாசனை அவங்க மேல படக் கூடாதுக்கா" என்றாள். "அவங்க சீஸ் வாசனை நம்ம மேல படலாம்."

சீஸையும் காட்டினாள். ஒன்றில் நீலப் பூஞ்சை ஓடியிருந்தது. வகுப்பில் பூஞ்சைக்கு ரொட்டியை ஈரமாக்கி வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன். அதையே விலை கொடுத்து வாங்கித் தின்பார்கள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பும் புளிப்புமாக, அதுவும் ஒரு கருவாடுதான் என்று தோன்றியது. கயல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க நான் மட்டும் கீழே போனேன். பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான். வினைச்சொல்லைக் கொடுத்தால் முக்காலத்திலும் சொல்லிவிடுவேன், யாராவது பேசினால்தான் புரியாது. கடையில் என் முறை வந்ததும் "இரண்டு ரொட்டி, தயவுசெய்து" என்று இலக்கணப் பிழையில்லாமல் கேட்டேன். கடைக்காரப் பெண் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு "போன்ழூர், மதாம்" என்றாள். மறுபடி ரொட்டி கேட்டேன். மறுபடி "போன்ழூர், மதாம்." பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் நானும் "போன்ழூர்" என்றதும் முகம் மலர்ந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். தீ பிடித்தாலும் இங்கே முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சித்ரா சிரித்தாள். எங்கள் மார்க்கெட்டில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "என்னக்கா, ரெண்டு நாளா ஆளயே காணும்?" என்பதுதான் ஆரம்பம். யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஆள் முதலில், சரக்கு அப்புறம்.

அன்று மதியம் சித்ராவோடு தமிழ்க் கடைகள் உள்ள வட்டாரத்துக்குப் போனோம். பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் தெருவின் இரண்டு பக்கமும் தமிழ்ப் பலகைகள். முருங்கைக்காயும் வாழைப்பூவும் பனியன்களும் ஒரே கடையில். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. வெளியே பார்த்தால் இன்னொரு கடை மாதிரிதான் இருக்கும். உள்ளே கற்பூர வாசனை. கும்பிட்டுவிட்டு, மூலையில் இருந்த சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். சொதி என்பது தேங்காய்ப் பாலில் மஞ்சளாக ஒரு குழம்பு. இரண்டாவது கிண்ணம் கேட்டேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எந்த இடம் என்று கேட்டார். காரைக்கால் என்றதும், "அப்ப கடலுக்கு அங்கால நீங்கள், இஞ்சால நாங்கள்" என்று சொல்லி, கயலுக்கு ஒரு வடையைக் கூடுதலாக வைத்தார். அவர் பேசுவதைக் கேட்கவே கயல் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மழை. மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து தொடரின் பழைய பாகங்களைப் பார்த்தோம். மனுஷியாகப் பார்க்க முயன்றேன். ஓர் இடத்தில், பல்லாண்டு தாமதமாக வந்த கடிதத்தை ஒரு கிழவி வாங்கி, பிரிக்காமலே மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்போது செல்லோ என்ற பெரிய பிடில் மட்டும் ஒலிக்கிறது. நான் கண்ணைத் துடைத்ததைக் கயல் பார்த்துவிட்டாள். அட்டையை வெட்டித் தபால் கப்பல்காரர்களின் முத்திரை ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். டிக்கெட் இரண்டையும் தானே வைத்துக்கொள்வதாகவும் அன்றே தீர்மானம் செய்துவிட்டாள்.

நான்காம் நாள் கச்சேரி. சித்ராவுக்கு மாலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை, வர முடியாது. வழியைப் படம் போட்டுக் காட்டினாள். ஒரே ஓர் இடத்தில் ரயில் மாற வேண்டும். அவளுடைய பழைய செல்போனையும் என் கைப்பையில் போட்டாள். கயலிடம் போன் இல்லை, எங்கள் எண் எதுவும் அவளுக்கு மனப்பாடமும் இல்லை. மாற வேண்டிய அந்த இடத்தில்தான் கதவு மூடியது.

அடுத்த ரயில் உடனே வந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கினேன். யாராக இருந்தாலும் அடுத்த நிலையத்தில் இறங்கித்தானே காத்திருப்பார்கள்? நடைமேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். ஒரு வயலின் வாசிப்பவர் இருந்தார், தூங்குகிறவர் ஒருவர் இருந்தார், கயல் இல்லை. மேலே ஓடி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஊழியரிடம் மூச்சிரைக்க, "என் மகள், ரயில், கதவு" என்றேன்.

அவர் நிதானமாக என்னைப் பார்த்து, "போன்ழூர், மதாம்" என்றார்.

வாழ்நாளில் எந்த வணக்கத்தையும் அப்படி அழுதுகொண்டே சொன்னதில்லை. சொன்னதும் அந்த மனிதர் எழுந்து வெளியே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார். வரிசையாக நிலையங்களுக்குத் தொலைபேசி செய்தார். என்ன உடை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீலச் சுரிதார், மார்பில் அட்டை முத்திரை. எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்றார். சொன்னேன். டிக்கெட் யாரிடம் என்றார். அவளிடம் என்றேன். அப்படியானால் பெண் நேராக மண்டபத்துக்குத்தான் போயிருப்பாள், நீங்களும் அங்கே போங்கள் என்று என் செல்போன் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது.

சித்ராவை அழைத்தேன். எங்கே நிற்கச் சொன்னாய் என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன்.

"இங்க நம்ம செருப்பு விடற எடம் நம்ம வீட்டு வாசல்தானக்கா? அங்கதான் வருவா. நீ மண்டபத்துல பாரு, நான் வேலையப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

அதுவும் நியாயமாகப் பட்டது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே நியாயமாகப் பட்டது.

மண்டபத்து வாசலை அடைந்தேன். எங்கே பார்த்தாலும் நீலம். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள் எல்லாரும் தபால் கப்பல்காரர்களின் நீல உடுப்பில் வந்திருந்தார்கள். தோளில் தபால் பை, மார்பில் முத்திரை. வாசல் காவலரிடம் "நீல உடுப்பில் ஒரு பெண்" என்றேன். அவர் பாவம், கையை விரித்துக் கூட்டத்தைக் காட்டினார். கயலின் முடியும் நிறமும் கொண்ட பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் திரும்பித் திரும்பி வேறு யாரோ ஆனாள்.

கூட்டம் உள்ளே போய்க் கதவைச் சாத்தியபோது, முன்கூடத்தில் நானும் இன்னொருவரும் மிஞ்சினோம். தாடி வைத்த, பெரிய உருவம். நீல உடுப்பு, தோளில் பை. பெயர் லூக். டிக்கெட் நண்பனிடம் இருக்கிறது, நண்பன் இன்னும் வரவில்லை என்றார். கொஞ்சம் ஆங்கிலமும் மீதி சைகையுமாகப் பேசினார். தெற்கே ஒரு சிற்றூரில் நிஜமாகவே தபால்காரராம். பை மட்டும் வேஷமில்லை, அவருடைய சொந்தப் பை. என் கதையைக் கேட்டதும், எங்களை வெளியே போகக் கைகாட்டிய காவலரிடம் இரண்டு நீள வாக்கியம் பேசினார். என்ன பேசினாரோ, எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன, வாசலைப் பார்த்தபடி. கூடத்தின் சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சியில் மேடை தெரிந்தது.

முதலில் ஒருவர் ஒற்றை ஸ்வரத்தை நீளமாக ஊதினார். அதில் எல்லாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நம் ஊரில் சுருதி சேர்ப்பதுதான், ஆனால் ஓர் ஊர் அளவுக்கு ஆட்கள். பிறகு முதல் இசை. தாளத்துக்கு மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து, தபால் முத்திரைக் கட்டைகளால் டக்டக், டக் என்று குத்தினார்கள். அது கதவைத் தாண்டித் தரை வழியாக என் காலுக்கு வந்தது. கயல் தண்ணீர் பிடிக்கும்போது முணுமுணுத்தது இதுதான். வீட்டில் அது மெலிந்த சீட்டியாக இருக்கும். இங்கே கொம்புகளும் பிடில்களும் பாடகர் கூட்டமும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போனதைக் கேட்டபோது, இவ்வளவும் அவள் தலைக்குள் இருந்ததா என்று நினைத்தேன். அவளில்லாமல் அதைக் கேட்பது அவள் சாப்பாட்டை நான் எடுத்துச் சாப்பிடுவது போலிருந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை, செல்போன் மணி கேட்க வேண்டும்.

லூக்கின் நண்பன் ஓடி வந்தான். லூக் தன் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நண்பனை மட்டும் உள்ளே அனுப்பினார். நீங்களும் போங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஒப்படைக்காத தபாலை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். அது தொடரில் வருகிற வாசகமா, அவருடைய அலுவலக வாசகமா என்று கேட்கவில்லை.

கிழவி கடிதம் வாங்குகிற அந்தச் செல்லோ ஒலித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார், கதவு மூடியதும் பெண்ணிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்த இடத்தில் போய் நில்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். நான் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். "சரி" என்றார். "எங்கே கழற்றினீர்கள்?"

அது ஒரு வழக்கு, எங்கள் குடும்பத்துப் பேச்சு, மாங்கனி, பாத்திரக் கடை என்று விளக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இடம் பேசிக்கொள்ளாதபோது, கயலும் அந்த வார்த்தையை அப்படியேதான் எடுத்திருப்பாள். இந்த ஊரில், வீட்டைத் தவிர்த்து, நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்த இடம் ஒன்றே ஒன்று. பிள்ளையார் கோயில் வாசல். வீட்டுக்குப் போக மறுபடி ரயில் மாற வேண்டும். கோயிலோ, அவள் இருந்த அதே ரயில் தடத்தில், எதிர்த் திசையில் கொஞ்ச தூரம். நான் அடுத்த நிலையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் எதிர் வண்டியில் என்னைத் தாண்டிப் போயிருப்பாள்.

சித்ராவை அழைத்தேன். அவள் தன் வீட்டு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கோயில் என்றதும் ஐயோ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். சாப்பாட்டுக் கடைக்காரரின் எண் அவளிடம் உண்டு. அவர் ஆள் அனுப்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கிளம்பலாமென்று எழுந்தேன். லூக் தடுத்தார். இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தால் சந்திக்கவே முடியாது, யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் பாத்திரக் கடை வாசலில் நாங்கள் சொல்வதையே எனக்குச் சொன்னார்.

செல்போன் அடித்தது. சித்ரா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றும் அது காதில் இருக்கிறது.

"அக்கா, பயப்படாத. கோயில்ல நீலச் சுரிதாருல ஒரு பொண்ணு நின்னுச்சாம். ரொம்ப நேரம் நின்னுச்சாம். இப்ப இல்லையாம். யாரோ ஒரு பொம்பளை கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாம்."

"யாரு?"

"தெரியலன்னு சொல்றாங்கக்கா."

அதை லூக்கிடம் தமிழிலேயே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காவலரிடம் போனார். காவலர் போலீசுக்குப் பேச ஆரம்பித்தார். உள்ளே பாடகர் கூட்டம் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் திரையில் தபால் கப்பல் ஒரு கிரகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, இறங்க இடம் தேடி. அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமியில்லை. கைலாசநாதரும் அம்மையாரும் நாகூர் ஆண்டவரும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். பிறகு கைதட்டல். கதவுகள் திறந்தன. இடைவேளை. நீல உடுப்புக் கூட்டம் மொத்தமும் முன்கூடத்துக்குள் புகுந்து, எனக்கு வாசலே தெரியாமல் போயிற்று. நாற்காலியின் மேல் ஏறினேன். புடவை கட்டிய ஒருத்தி நாற்காலி மேல் நிற்பதைப் பார்த்து யாரோ படம் எடுத்தார்கள். இறங்கச் சொல்ல யாருமில்லை.

எட்டு மணி ஆகியும் வெளியே வெயில் அடித்தது. அந்த வெயிலில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கையில் லீக்ஸ் என்கிற பெரிய வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி வந்தார். குட்டையான உருவம், நெற்றியில் திருநீறு, மழைக்கோட்டு. மறு கையில் கயல். முத்திரை கோணலாகத் தொங்கியது. இரண்டு டிக்கெட்டுகளையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருந்தாள். அதில் அச்சடித்திருந்த மண்டபத்தின் பெயரைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அழைத்து வந்திருக்கிறார்.

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கயலின் தலையைப் பிடித்து என் தோளோடு அழுத்திக்கொண்டேன். கற்பூர வாசனை அடித்தது. அவள் முகத்தை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபமாக இருந்தாள்.

"சொன்ன எடத்துலதாம்மா நின்னேன்" என்றாள். "நீ ஏன் வரல?"

அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை ரொம்பப் பயந்துவிட்டாளா, அழுதாளா என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கயலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிற்பாதிக்கு மணி அடித்தது.

"பிள்ளை அழேல்லை, அக்கா" என்றார். "'எங்கட அம்மா துலைஞ்சு போனா, ஆரும் கண்டனீங்களோ' எண்டுதான் கோயிலுக்கு வந்த ஆக்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டு நிண்டவ."